பென் டிரைவைப் பிடுங்கலாமா? சாதனங்கள் வருவதையும் போவதையும் இயங்குதளம் கையாளும் விதம்

பீர்மேடு வட்டத்துத் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில், ஆண்டு மலருக்கான பக்கங்களும் படங்களும் பள்ளிக் கணினியிலிருந்து 64 ஜிபி பென் டிரைவுக்கு ஏற்றப்படுவதாக வைத்துக்கொள்வோம். பட்டை நிறைந்து, காப்பி முடிந்தது என்று திரை காட்டியதும் ஆசிரியர் டிரைவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு குமுளி, லோயர் கேம்ப் வழியாகக் கம்பத்து அச்சகத்துக்கு இறங்குகிறார். அங்கே செருகினால் கோப்புறை இருக்கிறது, பெயர்கள் இருக்கின்றன. ஆனால் சில படங்கள் பாதிக்குக் கீழே வெறும் சாம்பல் நிறமாக நிற்கின்றன. கடைசிக் கோப்பின் அளவு 0 என்று வருகிறது. காப்பி முடிந்த பிறகுதான் எடுத்தேன் என்று அவர் சொல்வது உண்மை. வீட்டு விண்டோஸ் கணினியில் இப்படித்தான் எப்போதும் எடுக்கிறேன், ஒருநாளும் கோளாறு வந்ததில்லை என்று அவர் சொல்வதும் உண்மை. டிரைவிலும் பழுது இல்லை.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் உண்டு. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 இன் 1809 பதிப்பு, வெளிச் சேமிப்புச் சாதனங்களுக்கான இயல்பு அமைப்பை மாற்றியது. அடுத்த ஆண்டு அந்த மாற்றம் செய்தியாகப் பரவியபோது, ‘இனி எஜெக்ட் கொடுக்கத் தேவையில்லை’ என்ற ஒற்றை வரியாகச் சுருங்கிவிட்டது (டிரைவை எடுக்கும் முன் அழுத்தும் ‘பாதுகாப்பாக நீக்கு’ கட்டளைதான் எஜெக்ட்). அந்த வரி எந்தக் கணினியில், எந்த நிபந்தனையில் பொருந்தும் என்பது சுருக்கத்தில் விழுந்துபோனது. அதைப் புரிந்துகொள்ள, ஒரு சாதனம் வருவதை இயங்குதளம் எப்படி அறிகிறது, போவதை எப்படி அறிகிறது என்று அடியிலிருந்து பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி நடப்பதில்லை. வருகை, கணினிக்கு அவகாசம் இருக்கும் ஒரு நிகழ்ச்சி. புறப்பாட்டில் அதற்கு அவகாசமே இல்லை.

முன்பு கழற்றவே கூடாது

பழைய கணினிகளின் பின்புறம் ஊதா, பச்சை நிறங்களில் இரண்டு வட்டத் துளைகள் இருக்கும். ஊதா விசைப்பலகைக்கு, பச்சை மவுசுக்கு. கணினி ஓடும்போது அவற்றைக் கழற்றிச் செருகுவதற்கு அந்த வடிவமைப்பில் இடமில்லை. கணினி துவங்கும் நேரத்தில் யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று ஒருமுறை தலை எண்ணிக்கொள்ளும். பிறகு வருபவரைக் கண்டுகொள்ளாது. கணினிக்குள் பொருத்தும் அட்டைகளோ இன்னும் சிரமமானவை. கணினியின் கவனத்தைக் கோரும் குறுக்கீட்டு எண் எது, முகவரி எது என்று ஒவ்வொரு அட்டைக்கும் கையால் ஒதுக்க வேண்டும். இரண்டு அட்டைகள் ஒரே எண்ணுக்கு வந்துவிட்டால் கணினி உறைந்துபோகும்.

1995 இல் விண்டோஸ் 95 ‘பிளக் அண்ட் பிளே’ என்ற பெயரில் இந்த ஒதுக்கீட்டைத் தானே செய்ய முயன்றது. 1996 ஜனவரியில் யூஎஸ்பியின் முதல் விதிமுறை வெளிவந்தது. கணினி ஓடும்போதே செருகவும் கழற்றவும் தொடக்கத்திலிருந்தே திட்டமிடப்பட்ட இணைப்பு அது. விதி எழுதுவது வேறு, அதை ஓட வைப்பது வேறு. 1998 ஏப்ரலில் சிகாகோவில் நடந்த காம்டெக்ஸ் கண்காட்சியில் பில் கேட்ஸ் மேடையில் நிற்க, விண்டோஸ் 98 ஐக் காட்டுவதற்காக ஒரு ஸ்கேனரைச் செருகியதும் கணினி நீலத் திரையைக் காட்டி நின்றது. ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளத்துக்குள் புதிய வன்பொருள் ஒன்றைச் சேர்ப்பது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பதற்கு அதைவிட வெளிப்படையான சான்று வேண்டியதில்லை.

செருகிய நொடியில்

யூஎஸ்பி 2.0 பென் டிரைவின் முனையை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தால் நான்கு பட்டைகள் தெரியும். ஓரத்தில் இருக்கும் இரண்டும் மின்சாரத்துக்கானவை. நடுவில் இருக்கும் இரண்டும் தரவுக்கானவை. ஓரத்துப் பட்டைகள் நடுப் பட்டைகளைவிடச் சற்று முன்னுக்கு நீண்டிருக்கும். செருகும்போது மின்சாரம் முதலில் தொடவும், பிடுங்கும்போது கடைசியில் விலகவும் செய்த ஏற்பாடு அது. மின்சாரம் வராத சில்லுக்குள் தரவுக் கம்பி வழியே மின்னோட்டம் புகுந்தால் சில்லு கெடலாம் என்பதால், தகட்டின் நீளத்திலேயே பாதுகாப்பை வைத்துவிட்டார்கள்.

தரவுக் கம்பிகள் இரண்டும் கணினிப் பக்கத்தில் 15 கிலோ ஓம் மின்தடைகளால் கீழே இழுக்கப்பட்டு, ஆளில்லாதபோது சுழிய மின்னழுத்தத்தில் கிடக்கின்றன. சாதனத்துக்குள் 1.5 கிலோ ஓம் மின்தடை ஒன்று அந்தக் கம்பிகளில் ஒன்றை மேலே இழுக்கிறது. டி பிளஸ் எனப்படும் கம்பி உயர்ந்தால் வந்திருப்பது வினாடிக்கு 12 மெகாபிட் வேகச் சாதனம். டி மைனஸ் உயர்ந்தால் 1.5 மெகாபிட் வேகம் மட்டுமே உள்ள மவுஸ், விசைப்பலகை போன்றது. 480 மெகாபிட் வேகச் சாதனங்களும் முதலில் 12 மெகாபிட் சாதனமாகவே தம்மைக் காட்டிக்கொண்டு, பிறகு வேகத்தை உயர்த்திக்கொள்கின்றன. ஆக, சாதனம் வந்த செய்தி கணினிக்குக் கிடைப்பது ஒரு கம்பியின் மின்னழுத்தம் ஏறுவதால்தான். வந்தது யார் என்று அப்போது அதற்குத் தெரியாது.

அறிமுகப் பேச்சு

மின்னழுத்தம் ஏறிய பிறகு நடப்பது ஒரு கேள்வி பதில். யூஎஸ்பியில் சாதனம் தானாகப் பேச்சைத் தொடங்க முடியாது. கணினி கேட்டால்தான் பதில் சொல்லும்.

1. கணினி குறைந்தது 100 மில்லி வினாடி பொறுத்திருக்கிறது. கை நடுங்கினாலும், முனை பாதி நுழைந்து மீண்டும் விலகினாலும் தொடர்பு விட்டுவிட்டு வரும். அது அடங்கட்டும் என்று காத்திருக்கிறது.

2. பிறகு சாதனத்துக்கு மீட்டமைப்புக் குறிகை அனுப்புகிறது. இதன் பின் சாதனத்தின் முகவரி 0. புதிதாக வரும் எல்லாச் சாதனங்களுக்கும் அதுவே தொடக்க முகவரி என்பதால், ஒரே இணைப்பில் ஒரே நேரத்தில் இரண்டைச் செருகினாலும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் அறிமுகம் நடக்கும்.

3. 1 முதல் 127 வரையுள்ள எண்களில் ஒன்றை முகவரியாகக் கொடுக்கிறது.

4. ‘நீ யார்’ என்று கேட்கிறது. சாதனம் 18 பைட் நீளமுள்ள விவரக் குறிப்பைத் தருகிறது. தயாரிப்பாளர் எண், பொருள் எண் இரண்டும் அதில் இருக்கும்; தொடர் எண் உண்டா என்பதும் தெரியும். எந்த வகைச் சாதனம் என்பது இதிலோ, இதைத் தொடர்ந்து கேட்கும் குறிப்புகளிலோ வரும்: 3 என்றால் விசைப்பலகை, மவுஸ் வகை, 7 அச்சுப்பொறி, 8 சேமிப்புச் சாதனம்.

5. எவ்வளவு மின்னோட்டம் வேண்டும் என்று பார்த்து அனுமதிக்கிறது. யூஎஸ்பி 2.0 இல் அனுமதி கிடைக்கும் வரை 100 மில்லி ஆம்பியர், கிடைத்த பிறகு அதிகபட்சம் 500.

இதற்குப் பின்தான் டிரைவர் எனப்படும் இயக்கியைத் தேடும் வேலை. விண்டோஸ் தன்னிடமுள்ள நிறுவல் கோப்புகளில் அந்தத் தயாரிப்பாளர் எண்ணும் பொருள் எண்ணும் சேர்ந்து வருகின்றனவா என்று பார்க்கிறது. இல்லையென்றால் வகை எண்ணுக்குப் பொதுவான இயக்கியைப் பொருத்துகிறது. லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் அதன் மையப் பகுதியான கெர்னல் இந்த எண்களையெல்லாம் ஒரே சரமாகக் கோத்து அறிவிக்கிறது. யூடெவ் என்ற பின்னணி நிரல் அந்த அறிவிப்பைக் கேட்டு, பொருத்தமான இயக்கியை ஏற்றச் செய்கிறது. பென் டிரைவுக்குத் தனியாக எதையும் நிறுவாமல் வேலை நடப்பது 8 என்ற வகை எண்ணால்தான். கைரேகைக் கருவிக்கு அப்படிப் பொதுவான இயக்கி போதாது; ஆதார் சேவைக்கென்று பதிவான கருவியானால், இயக்கிக்கு மேல் அதற்குரிய சேவை நிரலும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கேரளத்தின் அக்ஷயா மையத்திலும் தமிழகத்தின் இ-சேவை மையத்திலும் ‘கருவியில் விளக்கு எரிகிறது, ஆனால் ரேகை எடுக்கவில்லை’ என்று நிற்கும்போது, மின்சாரம், இயக்கி, சேவை நிரல் ஆகிய மூன்று படிகளில் எது விட்டுப்போனது என்று வரிசையாகப் பார்ப்பதே வழி. விளக்கு எரிவது முதல் படிக்கு மட்டுமே சாட்சி.

இந்த அறிமுகத்தில் ஒரு பலவீனம் இருக்கிறது. சாதனம் தன்னைப் பற்றிச் சொல்வதை இயங்குதளம் அப்படியே நம்புகிறது. பென் டிரைவ் வடிவில் இருக்கும் ஒன்று ‘நான் விசைப்பலகை’ என்று சொன்னால், அதிலிருந்து வரும் எழுத்துகளை யாரோ தட்டச்சு செய்வதாகவே ஏற்றுக்கொள்ளும். 2014 இல் பிளாக் ஹாட் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் கார்ஸ்டன் நோல் தலைமையிலான ஆய்வாளர்கள் இதைச் செய்து காட்டினார்கள். பேருந்து நிலையத்தில் கிடந்தது என்று ஒருவர் கொண்டுவரும் பென் டிரைவைக் கடைக் கணினியில் செருகக் கூடாது என்பதற்கு இது போதுமான காரணம்.

அதே கருவி, வேறு துளை, வேறு எண்

அறிமுகத்தில் தொடர் எண் உண்டா என்ற கேள்வி சிறியதாகத் தெரிந்தாலும், இடுக்கி மலைப் பகுதியின் ஏலக்காய்க் கடைகளில் அதன் விளைவை நேரில் பார்க்கலாம். மின்னணுத் தராசுகள் பலவும் எடையை இன்னமும் பழைய சீரியல் கம்பி வழியாகவே அனுப்புகின்றன. புதிய கணினிகளில் அந்தத் துளை இல்லாததால், இடையில் யூஎஸ்பி மாற்றி ஒன்று இருக்கும். விண்டோஸ் அந்த மாற்றிக்கு காம் 3 என்று ஓர் எண் கொடுக்கிறது. பில் போடும் மென்பொருளில் அதே எண்ணைப் பதிந்து வைத்திருப்பார்கள். ஒருநாள் மேசையைத் துடைக்க எல்லாவற்றையும் கழற்றி, மாற்றியைப் பக்கத்துத் துளையில் செருகினால் தராசு காட்டும் எடை திரையில் வராது.

தராசிலும் மாற்றியிலும் குறையில்லை. மாற்றிக்குத் தொடர் எண் இருந்தால், எந்தத் துளையில் செருகினாலும் ‘பழைய ஆள்தான்’ என்று விண்டோஸ் அடையாளம் கண்டு பழைய எண்ணையே கொடுக்கும். விலை குறைந்த மாற்றிகள் பலவற்றில் அது இருப்பதில்லை. அப்போது எந்தத் துளையில் இருக்கிறது என்பதே அடையாளமாகிவிடுகிறது. துளை மாறினால் புதிய ஆள், புதிய எண்: காம் 4, காம் 5. பழைய எண் பழைய துளையின் பெயரிலேயே ஒதுக்கப்பட்டுக் கிடக்கும். மாற்றியைப் பழைய துளைக்கே கொண்டுபோனால் தீர்ந்தது. துளைக்குப் பக்கத்தில் ஒரு சிறு ஒட்டுத்தாளில் ‘தராசு’ என்று எழுதி ஒட்டிவிட்டால் மறுமுறை அந்தச் சிக்கல் வராது.

லினக்ஸில் இது வேறு விதமாக வரும். அங்கே வந்த வரிசையில் 0, 1, 2 என்று எண் விழுகிறது. கம்பி ஆடி ஒரு நொடி தொடர்பு விட்டு மீண்டும் வந்தால், மென்பொருள் இன்னும் 0 வைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கும் நிலையில், அதே கருவி 1 ஆக வந்து நிற்கும். மென்பொருளை மூடித் திறக்காமல் எடை வராது.

பிடுங்கும்போது நடப்பது

அறிமுகத்துக்கு ஐந்து படிகளும் சில நூறு மில்லி வினாடிகளும் ஆயின. பிரிவுக்கு அப்படி ஒன்றுமே இல்லை. சாதனம் விலகியதும் மேலே இழுத்துக்கொண்டிருந்த மின்தடையும் போய்விடுகிறது. இரண்டு தரவுக் கம்பிகளும் சுழியத்துக்கு விழுகின்றன. சுமார் 2.5 மைக்ரோ வினாடி அந்த நிலை நீடித்தால் சாதனம் போய்விட்டது என்று கொள்ளப்படும்.

480 மெகாபிட் வேகத்தில் கண்டுபிடிக்கும் முறை வேறு. கணினி 125 மைக்ரோ வினாடிக்கு ஒருமுறை ஒரு குறிகை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. மறுமுனையில் சாதனம் இருந்தால் அதிலுள்ள மின்தடை அந்தக் குறிகையை உள்வாங்கிக்கொள்ளும். யாரும் இல்லையென்றால், ஆளில்லாத பள்ளத்தாக்கில் கூப்பிட்ட குரல் திரும்பி வருவதுபோல், குறிகை எதிரொலித்துத் திரும்பி, மின்னழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காகத் தெரியும். அந்த எதிரொலியைக் கேட்டுத்தான் கணினி புரிந்துகொள்கிறது.

எந்த முறையானாலும் செய்தி வந்து சேரும்போது சாதனம் போய்ப் பல நொடித்துகள்கள் ஆகியிருக்கும். இயங்குதளத்தால் தடுக்க முடியாது, ‘ஒரு நிமிடம்’ என்று கேட்க முடியாது. இயக்கிக்குத் தகவல் சொல்லி, அந்தச் சாதனத்துக்காகக் காத்திருக்கும் வேலைகளையெல்லாம் பிழை என்று முடித்து, ஒதுக்கிய நினைவகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வது மட்டுமே அதனால் முடிவது. விண்டோஸ் இதை எதிர்பாராத நீக்கம் என்றே தனி வகையாக வைத்திருக்கிறது. மவுஸைப் பிடுங்கினால் இதனால் ஒரு நட்டமும் இல்லை, ஏனென்றால் மவுஸிடம் கொடுக்க வேண்டிய பாக்கி கணினியிடம் எதுவும் இல்லை. பென் டிரைவிடம் பாக்கி இருக்கலாம்.

‘காப்பி முடிந்தது’ என்பதன் பொருள்

கணினியின் நினைவகம் மிக வேகமானது; பென் டிரைவ் அதனோடு ஒப்பிட்டால் மிக மெதுவானது. ஆகவே எழுத வேண்டியதை முதலில் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, மென்பொருளிடம் ‘ஆயிற்று’ என்று சொல்லிவிட்டு, பிறகு நிதானமாக டிரைவில் எழுதுவது இயங்குதளங்களின் வழக்கம். லினக்ஸ் கெர்னலின் இயல்பு அமைப்பில், இப்படி நிலுவையில் இருக்கும் தரவு 30 வினாடி பழையதானால் எழுதப்பட வேண்டும். அதைக் கவனிக்கும் பகுதி 5 வினாடிக்கு ஒருமுறை விழித்துப் பார்க்கிறது. வினாடிக்கு 10 எம்பி மட்டுமே எழுதக்கூடிய டிரைவுக்கு 600 எம்பி படங்களை ஏற்றினால், டிரைவில் உண்மையில் எழுதி முடிக்க 60 வினாடி வேண்டும். நினைவகத்தில் இடமிருந்தால் திரையிலுள்ள பட்டையோ அதற்கு வெகு முன்னதாகவே நிறைந்துவிடும்.

கேரளப் பள்ளிகளின் கணினிகளில் ஓடுவது பெரும்பாலும் கேரளக் கல்வித் துறையின் கீழுள்ள கைட் அமைப்பு தரும் லினக்ஸ். பீர்மேட்டு ஆசிரியரின் சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. வீட்டு விண்டோஸில் பழகிய கை, பள்ளி லினக்ஸிலும் அதே நேரத்தில் அதையே செய்கிறது. ஆனால் பட்டை நிறைந்தது என்பதற்கு இரண்டு இடத்திலும் ஒரே பொருள் இல்லை.

நிலுவைத் தரவு போனால் போகட்டும், மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம் என்று விடவும் முடியாது. ஒரு கோப்பு டிரைவில் சேர மூன்று இடங்களில் எழுத வேண்டும்: கோப்பின் உள்ளடக்கம் ஓரிடத்தில், டிரைவில் எந்தெந்தக் கட்டங்கள் நிரம்பின என்ற கணக்கு இன்னோர் இடத்தில், பெயர், அளவு, தொடங்கும் கட்டம் ஆகியவை அடங்கிய பதிவு மூன்றாவது இடத்தில். பெயர் எழுதப்பட்டு அளவு எழுதப்படுவதற்கு முன் பிடுங்கினால் 0 அளவுள்ள கோப்பு நிற்கும். அளவும் கணக்கும் எழுதப்பட்டு உள்ளடக்கம் பாதியில் நின்றால், படத்தின் மேல்பாதி மட்டும் தெரியும். கணக்கே பாதி எழுதிய நிலையில் நின்றால், அன்று ஏற்றிய கோப்போடு போகாமல், போன மாதம் வைத்த கோப்பும் சேர்ந்து குழம்பலாம்.

கணினிக்குள் இருக்கும் வட்டுகளில் பயன்படும் என்டிஎஃப்எஸ், எக்ஸ்ட் 4 ஆகிய கோப்பு முறைமைகள், இந்தக் கணக்கில் என்ன மாற்றப்போகிறோம் என்று முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் பிறகுதான் மாற்றும். மின்சாரம் போய் வந்தால் குறிப்பேட்டைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். பென் டிரைவுகளில் வழக்கமாக இருக்கும் ஃபேட் 32 க்கும் எக்ஸ்ஃபேட்டுக்கும் அந்தக் குறிப்பேடு கிடையாது. தொலைக்காட்சி, கார், கேமரா என எல்லா இடத்திலும் படிக்க முடிகிற எளிமைக்காக விட்டுக்கொடுத்தது அது.

எஜெக்ட் செய்வது என்ன

‘பாதுகாப்பாக நீக்கு’ என்பதை அழுத்தினால் மின்சாரத்தை நிறுத்துவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். முக்கிய வேலை அதுவல்ல. போகப்போகிறேன் என்று முன்கூட்டியே சொல்வதுதான் அது. பிரிவில் இல்லாத அவகாசத்தைக் கணினிக்குக் கொடுப்பது அந்த ஓர் அழுத்தம். அதைக் கேட்டதும் விண்டோஸ், அந்தச் சாதனத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் இயக்கிகளிடமும் மென்பொருள்களிடமும் ‘விட்டுவிடலாமா’ என்று கேட்கிறது. ஒன்று மறுத்தாலும் ‘சாதனம் பயன்பாட்டில் உள்ளது’ என்ற செய்தி வரும். எல்லாம் சம்மதித்தால் நிலுவையை எழுதி முடித்து, கோப்பு முறைமையைப் பிரித்து, இனி எடுக்கலாம் என்கிறது. லினக்ஸ் கணினியில் எஜெக்ட் கொடுத்ததும், டிரைவில் தரவு எழுதப்படுகிறது, எடுக்க வேண்டாம் என்று அறிவிப்பு வந்து சில நேரம் ஒரு நிமிடத்துக்கும் மேல் நிற்கும். கணினி தொங்கிவிட்டது என்று அந்த இடத்தில் பொறுமையிழந்து பிடுங்குவதுதான் மிகக் கெடுதலானது; முன்பே ‘முடிந்தது’ என்று சொன்ன வேலை உண்மையில் அப்போதுதான் நடந்துகொண்டிருக்கிறது.

‘பயன்பாட்டில் உள்ளது’ என்று மறுத்தால், டிரைவிலிருந்தே நேரடியாகத் திறந்த கோப்பு எங்காவது திறந்திருக்கும். பக்க வடிவமைப்பு மென்பொருளில் மூடாத ஒரு படம் போதும். வைரஸ் தடுப்பு மென்பொருள் டிரைவைச் சோதித்துக்கொண்டிருந்தாலும் மறுப்பு வரும். எதுவும் புலப்படவில்லை என்றால் கணினியை நிறுத்திவிட்டு எடுப்பதே பாதுகாப்பு.

2018 மாற்றம் மாற்றாதது

1809 பதிப்பில் இயல்பாகிவிட்ட அமைப்புக்கு ‘விரைவு நீக்கம்’ என்று பெயர். அதன்படி விண்டோஸ் வெளிச் சாதனங்களுக்கான எழுத்தை நினைவகத்தில் தேக்கி வைப்பதில்லை. வேகம் குறைந்தாலும் உடனுக்குடன் எழுதிவிடுகிறது. ஆகவே பட்டை நிறைந்து, எதுவும் அதில் திறந்திராத நிலையில், அந்த அமைப்புள்ள விண்டோஸில் நேரே எடுப்பது பெரும்பாலும் தீங்கில்லாதது. அந்தச் செய்தி இந்த அளவுக்குச் சரி.

ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது எடுப்பதை எந்த அமைப்பும் காப்பாற்றாது. வேகத்துக்காக அமைப்பை மாற்றி வைத்த வெளி வன்வட்டுக்கு அந்தச் செய்தி பொருந்தாது; லினக்ஸுக்குப் பொருந்தவே பொருந்தாது. டிரைவின் உள்ளேயும் ஒரு சிறு கட்டுப்பாட்டுச் சில்லு இருக்கிறது. எந்தத் தரவு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்ற பட்டியலை அது தனியாக வைத்துக்கொண்டு, அவ்வப்போது மாற்றி எழுதுகிறது. அந்த நொடியில் மின்சாரம் போனால் இயங்குதளத்தின் எந்த ஏற்பாடும் உதவாது. டிரைவ் மொத்தமாகத் திறக்காமல் போவதற்கு இது ஒரு காரணம்.

கைபேசிகள் பென் டிரைவைப் போல இ, எஃப் என்று ஓர் எழுத்துப் பெயரில் வராமல் இருப்பதும் இதோடு தொடர்புடையது. ஒரே சேமிப்பைக் கைபேசியும் கணினியும் ஒரே நேரத்தில் தத்தம் கணக்கில் எழுதினால் இரண்டும் கெடும். அதனால் ஆண்ட்ராய்டு கணினியிடம் கட்டங்களை ஒப்படைப்பதில்லை; கோப்பைக் கேட்டால் கொடுக்கிறது, கொடுத்தால் தானே எழுதிக்கொள்கிறது. கேபிளைப் பிடுங்கினால் அப்போது போய்க்கொண்டிருந்த ஒரு கோப்பு கெடும், மற்றவை பிழைக்கும்.

ஏற்கெனவே பிடுங்கிவிட்டால்

அச்சகத்தில் 0 அளவுக் கோப்பைப் பார்த்ததும், அதே டிரைவில் வேறு எதையும் எழுதக் கூடாது. மூலக் கோப்புகள் பள்ளிக் கணினியில் இருந்தால் சேதம் இல்லை. மீண்டும் ஏற்றுவதற்கு முன் டிரைவைச் சரிபார்க்க வேண்டும். மூலம் இல்லை, வெட்டி ஒட்டும் முறையில் நகர்த்திவிட்டோம் என்றால், டிரைவில் உள்ளவற்றை முதலில் வேறு வட்டுக்குப் படி எடுத்துவிட்டு, மீட்பு மென்பொருள் கொண்டு அந்தப் படியில் தேடிப் பார்க்கலாம். ‘இந்த டிரைவில் சிக்கல் உள்ளது, சரிபார்த்துத் திருத்தவா’ என்று விண்டோஸ் கேட்கும்போது ஆம் என்று சொன்னால், உரிமையாளர் தெரியாத கட்டங்களை அது சிஎச்கே என்ற வகைக் கோப்புகளாகத் திரட்டிப் போடலாம். தொலைந்த படம் அதற்குள் இருக்கவும் கூடும், திருத்தத்தில் அழிந்துபோகவும் கூடும். அதனால்தான் படி எடுப்பது முதலில், திருத்துவது பிறகு. மலர்ப் பக்கங்கள் போன்றவற்றை நகர்த்தாமல் நகலெடுப்பதும், எஜெக்ட் கொடுத்த பிறகு டிரைவை அங்கேயே மறுபடி செருகிக் கடைசிக் கோப்பைத் திறந்து பார்ப்பதும் இரண்டு நிமிட வேலை. குமுளிச் சோதனைச் சாவடியைத் தாண்டி மீண்டும் மலையேறுவதற்கு ஆகும் நேரத்தோடு அதை ஒப்பிட்டுக்கொள்ளலாம்.